மஞ்சளாக நின்ற இடம்

வசந்தாமணி,
உன் கைப்பையின் பக்கவாட்டு ஜிப்பில்
நாலாக மடித்த சீட்டு இருப்பது எனக்குத் தெரியும்.
மூன்று மாதம் முன்பு என் பையிலும் இருந்தது.
டிபன் டப்பாவின் ரசம் பட்டு
ஒரு ஓரம் ஊறிப்போயிருந்தது.

‘மாற்றம் தெரிகிறது, மேல் பரிசோதனைக்கு வரவும்.’
மாற்றம் என்ற சொல்லை
கந்தம்பட்டியிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டு வரை
வாய்க்குள் உருட்டிக்கொண்டே போனேன்.
பக்கத்து சீட்டுக்காரி வேர்க்கடலை நீட்டினாள்.
வாங்கித் தின்றேன்.
பயத்திலும் பசிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீயாக என்னிடம் கேட்கமாட்டாய்.
லேபில் நீ அந்தப் பக்கம் பி.எச். பார்ப்பாய்,
நான் இந்தப் பக்கம் ஈரப்பதம் எழுதுவேன்,
நடுவில் ஜவ்வரிசி சாம்பிள் முப்பது கிண்ணம்.

பெஞ்சில் ஒன்பது பேர் இருந்தோம்.
எதற்கு வந்தீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.
ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து இறங்கிவந்தவள் மட்டும்
இருபது கொண்டை ஊசி வளைவும் தலைக்குள் சுற்ற
எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே இருந்தாள்.
‘கோகிலவாணீ’ என்று
கடைசி எழுத்தை இழுத்துக் கூப்பிட்டார்கள்.

சேலையை அவிழ்க்க வேண்டாம், தூக்கிக்கொண்டால் போதும்.
கால் நடுங்கும்.
ஏசி குளிர் என்று சொல்லிக்கொள்,
நர்ஸ் ஜெசிந்தா நம்பியதுபோல் இருப்பார்.
உலோகம் உள்ளே போகும்போது மூச்சைப் பிடிக்காதே, விடு.
பெரிய கண்ணாடிக் கருவி உள்ளே வராது,
ஒரு முழம் தள்ளி நின்றே பார்க்கும்.
இதை யாரும் முன்பே சொல்லாததால்
நான் இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

பிறகு அசிட்டிக் ஆசிட்.
நம் மூக்குக்குத் தெரியாத வாசனையா?
சந்தேகமான இடம் வெளுக்கும், ஒரு நிமிஷம் பொறுங்க
என்றார் டாக்டர்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
வெளுப்புக்காகத்தானே நம் முதலாளி
தினமும் உயிரை எடுக்கிறார்!

அடுத்தது அயோடின்.
மாவில் சொட்டினால் கருநீலம்.
நம்மில் தடவினால்
நல்ல இடமெல்லாம் புளிக்கரைசல் நிறமாகும்.
நிறம் ஏற்காமல் மஞ்சளாக நிற்கிற இடம்தான் கேள்வி.
திரையைத் திருப்பட்டுமா என்றார்.
வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டே பார்த்தேன்.
இரண்டு பிள்ளைகள் வந்த வாசல்.
நாற்பத்து மூன்று வயதில் முதல் தடவை பார்க்கிறேன்.
கடிகாரத்தில் ஏழு மணி இருக்குமே, அங்கே
ஒரு ஜவ்வரிசியளவு மஞ்சள்.

‘ஒரு இருமல் இருமுங்க.’
இருமலுக்குள்ளேயே கிள்ளி எடுத்துவிட்டார்.
வலிக்காது என்றால் பொய்.
தூரத்தின் முதல் நாள்போல் அடிவயிறு இழுத்தது,
அப்புறம் விட்டது.
நிறுத்துங்க என்று சொன்னால் நிறுத்துவார்களாம்.
நான் சொல்லாதது தைரியமில்லை, வாய் வரவில்லை.

பேடு எடுத்துப் போ.
சில நாள் காப்பித்தூள் மாதிரி படும், அது மருந்து.
ரத்தம் கொட்டினாலோ காய்ச்சல் வந்தாலோ
அன்றைக்கே திரும்பிப் போ.

வீட்டில் தள்ளிப் படுக்கச் சொன்னேன்.
‘என்னாலயா வந்துச்சு?’ என்றார், சுவரைப் பார்த்து.
யாரால் எப்போது என்று யாருக்கும் தெரியாதாம்,
பல வருஷம் முந்தியதாகக்கூட இருக்கலாமாம், என்றேன்.
எழுந்துபோய் மோட்டாரைப் போட்டார்.
தொட்டி நிறைந்து வழிந்தது,
இரண்டு பேருமே அணைக்கப் போகவில்லை.

ரிசல்ட் வர மூன்று வாரம்.
புற்று இல்லை.
விட்டால் ஆகலாம் என்கிற ஒன்று.
மரக்கவைக்கிற ஊசி போட்டு
மெல்லிய கம்பி வளையத்தால் சீவி எடுத்துவிடுவார்களாம்.
எனக்கு வருகிற செவ்வாய்க்கிழமை.
உன் சீட்டிலும் அதே தேதி, பார்த்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

கடலை நான் வாங்குகிறேன்.
அன்றைக்கு இந்த முப்பது கிண்ணத்தையும்
யார் கழுவுவது என்று சூப்பர்வைசர் கேட்பார்.
கேட்கட்டும்.